பாங்கிக் கணக்கில் கழிக்கப்படும் கட்டணங்களும் குடியானவர் கேட்க வேண்டிய கேள்விகளும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் தலைதட்டப்பட்டதா, குவித்து அளக்கப்பட்டதா என்று கண்கொட்டாமல் பார்த்து நிற்கும் குடியானவர், பாங்கியில் தம் கணக்கினின்று கழிக்கப்பட்ட தொகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாங்கி சர்க்காரைப் போன்றதொரு ஸ்தாபனம், அங்கே தவறு நேராது, நேர்ந்தாலும் நம்மைப் போன்றவர் கேட்பதற்கு இடமில்லை என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. பாங்கி எக்கட்டணத்தை வாங்கலாம், எதை வாங்கலாகாது, வாங்குமுன் என்ன செய்தல் வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அவ்விதிகளை அறிந்து, பணிவாகவும் எழுத்து மூலமாகவும் கேட்பவருக்குப் பணம் திரும்பி வருவதை நான் என் பிர்க்காவிலேயே கண்டிருக்கிறேன்.

2025-ம் வருஷம் புரட்டாசி மாதத்தில், சம்பா விதை நேர்த்தியைச் செய்து காட்டும் பொருட்டு ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். வேலை முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், நான்கு ஏக்கர் நஞ்சையுடைய விவசாயி ஒருவர் இரண்டு பாஸ் புஸ்தகங்களுடன் வந்தார். "ஐயா, பயிர்ச் சேதத்திற்கு என் பேருக்கு ஐயாயிரம் வந்ததாகச் சொல்லுகிறார்கள். பாங்கியில் போய்ப் பார்த்தால் நாலாயிரத்து எண்ணூற்றைம்பத்தெட்டுதான் இருக்கிறது. பாக்கி எங்கே போயிற்று?" என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அவ்வூர்க் கிராம நிர்வாக அதிகாரி இருந்த பக்கம் திரும்பி ஒரு பார்வையும் பார்த்தார். அப்பார்வையின் பொருள் எனக்கு விளங்கிற்று. நிவாரணத்தில் கையிட்டுவிட்டார் என்னும் பேச்சு ஊரில் நான்கைந்து நாட்களாகவே உலவி வந்ததாம். அவ்வதிகாரியோ ஒரு பாவமும் அறியாதவர். கணக்கெடுத்துப் பட்டியல் அனுப்பியதோடு அவர் வேலை முடிந்துவிட்டது. பணம் நேரே பாங்கிக் கணக்கிற்கு வந்தது. நூற்று நாற்பத்திரண்டு ரூபாயின் பொருட்டு ஒரு மனிதருடைய நாணயம் ஊர் நடுவில் ஆட்டங்கண்டு நின்றது. கிராம உத்தியோகஸ்தர்களும் இக்கட்டுரையை வாசிக்க வேண்டுமென்று நான் விரும்புவது இதனால்தான்.

பாஸ் புஸ்தகத்தை விரித்துப் பார்த்தோம். நெல் கொள்முதல் பணமும் மற்ற வரவு செலவும் அவருக்குக் கூட்டுறவுப் பாங்கிக் கணக்கில் நடந்து வந்தன. இந்தச் சேமிப்புக் கணக்கு, பயிர்க்கடன் கொடுத்த வேறொரு பாங்கியில் பெயருக்கு இருந்தது. அதில் இருப்பு 212 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு 1,000 ரூபாய் வைக்கவில்லை என்று மூன்று காலாண்டுகளில் காலாண்டுக்கு 118 ரூபாய் வீதம் கழித்திருந்தார்கள். கட்டணம் 100, அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி 18. முதற் கழிவுக்குப் பின் இருப்பு 94. இரண்டாவது கழிவில் கணக்கு பூஜ்யத்தைத் தாண்டி 24 ரூபாய் பற்றாயிற்று. மூன்றாவதில் பற்று 142 ஆயிற்று. பின்னர் வந்து விழுந்த 5,000 ரூபாயில் அந்த 142 கழிந்து 4,858 நின்றது. பணத்தை யாரும் எடுக்கவில்லை, கட்டணம்தான் எடுத்தது.

இதில் பாங்கி செய்தது சரியா? 2014-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி ரிஸர்வ் பாங்கி ஓர் உத்தரவு பிறப்பித்து, 2015 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. இருப்புக் குறைந்தவுடன் பாங்கி வாடிக்கைக்காரருக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவித்தல் வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதத்திற்குக் குறையாத அவகாசம் கொடுத்தல் வேண்டும். அதற்குள் இருப்பைச் சரி செய்யாவிடில்தான் அபராதம். அவ்வபராதமும் எவ்வளவு குறைந்ததோ அதன் விகிதப்படி இருத்தல் வேண்டும். ஐம்பது ரூபாய் குறைந்தவனுக்கும் தொள்ளாயிரம் குறைந்தவனுக்கும் ஒரே அபராதம் என்பது ஒவ்வாது. படிப்படியாக வரம்பு அமைத்துக்கொள்ளப் பாங்கிக்கு இடமுண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, இக்கட்டணம் ஒன்றின் காரணமாகவே கணக்கு பூஜ்யத்திற்குக் கீழே போகலாகாது. இவ்விதிப்படி நம் விவசாயியின் 142 ரூபாயைப் பாங்கி தொட்டிருக்கவே கூடாது. இஃது ஐயத்திற்கு இடமில்லாதது.

மீதி 212-ஐப் பற்றி? அறிவிப்பே வரவில்லை என்று அவர் சாதித்தார். பாங்கியில் விசாரித்ததில், மூன்று குறுஞ்செய்திகள் அனுப்பிய நாளும் நேரமும் குறித்து வைத்திருந்தார்கள். அவை போனதோ, திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் முன்னர் வைத்திருந்து விட்டுவிட்ட பழைய எண்ணுக்கு. எண் மாறியதைப் பாங்கிக்கு இவர் தெரிவிக்கவில்லை. அத்தொகை திரும்பவில்லை, திரும்பாததில் நியாயமும் உண்டு. வரப்பு உடைந்ததைப் பார்க்காதவன் வாய்க்காலை வைது பயனில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டணத்தைப் பல பாங்கிகள் இப்போது அடியோடு விட்டுவிட்டன. ஸ்டேட் பாங்கி 2020 மார்ச்சிலும், கனரா பாங்கி 2025 ஜூனிலும், இந்தியன் பாங்கி 2025 ஜூலையிலும் சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கு இதனை நீக்கின. நீக்கப்பட்ட பின்னரும் கழிக்கப்பட்டிருந்தால் உடனே கேட்க வேண்டும். நீக்காத பாங்கியில் கணக்குடையோர், அதனை 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். 2012-ம் வருஷத்திலிருந்து எல்லாப் பாங்கிகளும் இவ்வகைக் கணக்கை வைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவை. இதற்குக் குறைந்தபட்ச இருப்பு என்பதே இல்லை. மாதத்தில் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே பாங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் மட்டும் கூடாது. நிவாரணத்திற்கும், விவசாயிகளுக்கு வருஷத்தில் மூன்று தவணையாக வரும் மத்திய சர்க்கார் உதவித் தொகைக்கும் மட்டுமே பயன்படும் கணக்கை இவ்வாறு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். இரண்டு வருஷம் வரவு செலவின்றிச் செயலற்றுப்போன கணக்குகளுக்கு, 2024 ஏப்ரல் 1 முதல் குறைந்தபட்ச இருப்பு அபராதம் விதிக்கலாகாது; அக்கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்கவும் கட்டணம் இல்லை.

அடுத்தபடியாகக் கடன் கணக்கின் புஸ்தகத்தைப் பார்த்தோம். சேமிப்புக் கணக்கில் போனது சில்லரை. ஏக்கர் கணக்கில் நஷ்டம் வருவது கடன் கணக்கிலே. அதில் பல பதிவுகள் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துக்களின் சுருக்கமாக இருந்தன. எனக்கே முதலில் விளங்கவில்லை. இப்படிப் புரியாத பதிவுகள் கூடாதென்றும், கட்டணமாயின் அஃது எவ்வகைக் கட்டணம், எக்காரணத்திற்காக என்பதைச் சுருக்கமாகவேனும் குறிக்க வேண்டுமென்றும் 2017 ஜூன் மாதத்திலேயே ரிஸர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது. ஆகையால், புரியாத எழுத்தைக் கண்டால் வெட்கப்படாமல் "இஃது என்ன?" என்று கேட்பது வாடிக்கைக்காரரின் உரிமை. நாங்கள் கேட்டு எழுதிக்கொண்டதன்படி, 2024 ஜூன் மாதம் புதுப்பித்த 1,20,000 ரூபாய் பயிர்க்கடனில் வட்டியல்லாது கழிந்தவை பின்வருமாறு. புதுப்பிக்கும் கட்டணம் வரியுடன் 708. நிலத்தைப் பார்வையிட்ட கட்டணம் இரு முறை, வரியுடன் 295 வீதம் 590. தவணை தவறியதற்கு அபராதம் ஐந்து மாதத்திற்கு 1,000, அதன்மேல் வரி 180. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் தனியே.

பார்வையிட்ட கட்டணம் என்றதும் விவசாயி சிரித்துவிட்டார். அவர் வரப்பில் பாங்கி உத்தியோகஸ்தர் எவரும் அக்காலத்தில் கால் வைத்ததில்லையாம். வந்தார்களா இல்லையா என்னும் வாதத்திற்கே அவசியமில்லை. ஐந்து ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிகளின் 3 லட்சம் ரூபாய் வரையிலான கிசான் கிரெடிட் கார்டுக் கடன்களுக்குப் புதுப்பித்தல், பத்திரம், பார்வையிடல், பேரேட்டுக் கட்டணம் முதலிய யாவற்றையும் விட்டுவிடுமாறு இந்தியப் பாங்கிகள் சங்கம் 2019 பிப்ரவரியில் தன் அங்கத்தினருக்கு அறிவுறுத்தியது. அஃது அறிவுரையே ஆதலால், அந்தந்தப் பாங்கியின் கட்டண அட்டவணையில் அது எவ்வாறு ஏறியிருக்கிறதென்று பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டவணையைக் கிளையில் கேட்டால் காட்டக் கடமைப்பட்டவர்கள். மேலும் ஒரு விதி அறிவுரையன்று, உத்தரவாகவே உள்ளது. முன்னுரிமைத் துறைக் கடன்களில் 25,000 ரூபாய் வரைக்கும் கடன் சம்பந்தமான சேவைக் கட்டணமோ பார்வையிடும் கட்டணமோ கூடாதென்று முன்பு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அவ்வரம்பு 50,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. விவசாயக் கடன் முன்னுரிமைத் துறையைச் சேர்ந்ததே. வக்கீல் அபிப்பிராயம், வில்லங்கச் சான்று என்று சொல்லி வாங்கும் செலவுகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு நிலத்தை ஈடு கேட்கலாகாது. ஈடே கேளாத கடனுக்கு ஈட்டுச் செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

அபராதத்திற்கு வருவோம். 2025 மார்ச் முடிவில் கட்ட வேண்டியதை இவர் ஆகஸ்டு முடிவில்தான் கட்டினார். ஐந்து மாதம் தவறியது உண்மை. வருஷத்திற்கு நூற்றுக்கு 2 வீதம் 1,20,000-க்கு மாதம் 200 ஆகிறது. அத்தொகையை மாதந்தோறும் அசலிலே சேர்த்து, அதற்கும் நூற்றுக்கு 9 வீதம் வட்டி போட்டிருந்தார்கள். சேர்த்த வட்டி மொத்தம் 15 ரூபாய். பதினைந்து ரூபாய் என்று அலட்சியம் செய்யலாகாது. அபராதத்தின்மேல் வட்டி என்பது வித்து. தவணை நான்கைந்து வருஷம் தவறினால் அது மரமாகி நிற்கும். 2023-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி ரிஸர்வ் பாங்கி பிறப்பித்த உத்தரவின்படி, தவணை தவறியதற்குப் பாங்கி விதிப்பது 'அபராதக் கட்டணம்' ஆகலாமே யன்றி வட்டி விகிதத்தின்மேல் ஏற்றிய 'அபராத வட்டி' ஆகலாகாது. அதனை அசலில் சேர்த்து அதன்மேல் வட்டி கணக்கிடலாகாது. அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். கடன் பத்திரத்திலேயே குறித்திருக்க வேண்டும். புதுக் கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்குப் புதுப்பிக்கும்போது, எவ்வகையிலும் 2024 ஜூன் 30-க்குள்ளும், அமலுக்கு வந்தது. இவ்வபராதக் கட்டணத்தின்மேல் ஜி.எஸ்.டி. கிடையாது என்று அவ்வரிக் கவுன்சில் 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகவே 15-ம் 180-ம் தவறு. 1,000 ரூபாயோ, பத்திரத்தில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது, அது நின்றது.

வட்டிக்கு வட்டி என்னும் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குடியானவருக்கு இதைக் காட்டிலும் முக்கியமான கணக்கு வேறில்லை. ஒரு லட்சம் ரூபாயை நூற்றுக்கு 12 வீதம் ஐந்து வருஷத்திற்கு ஒன்றும் கட்டாமல் வைத்திருப்பதாகக் கொள்வோம். வருஷத்திற்கு ஒரு முறை வட்டியை அசலில் சேர்த்தால் மொத்த வட்டி 76,234 ரூபாய். மூன்று மாதத்திற்கு ஒரு முறை சேர்த்தால் 80,611. மாதந்தோறும் சேர்த்தால் 81,670. வட்டி விகிதம் ஒன்றே. சேர்க்கும் முறை மாறியதால் மட்டும் 5,436 ரூபாய் அதிகம். மாதச் சம்பளக்காரர் மாதந்தோறும் வட்டி கட்டலாம். நடவு நட்டு அறுப்பு வரை காத்திருப்பவனிடம் ஒவ்வொரு மாதமும் வட்டி எங்கே இருக்கும்? இந்த நியாயத்தைச் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டிருக்கிறது. கார்ப்பரேஷன் பாங்கிக்கும் கௌடா என்பவருக்கும் நடந்த வழக்கில் 1994-ம் வருஷம், விவசாயிக்கு வருமானம் விளைச்சலை விற்கும்போதுதான் வருகிறது, ஆதலால் விவசாயக் கடனுக்கு வருஷத்திற்கு ஒரு முறைக்கு மேல் வட்டியை அசலில் சேர்ப்பது கூடாதென்று சொல்லிற்று. பின்னர் 2001-ம் வருஷம் அக்டோபரில், ஸென்ட்ரல் பாங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூடி விவசாயக் கடனை மற்றக் கடன்களினின்று வேறாகவே கருத வேண்டுமென்றும், அவ்வவ்விடத்துப் பயிர்ச் சுழற்சிக்கேற்ப ஆறு மாதத்திற்கோ வருஷத்திற்கோ ஒரு முறைதான் வட்டியைச் சேர்க்கலாமென்றும், அபராத வட்டியை ஒருபோதும் அசலில் சேர்க்கலாகாதென்றும் தீர்ப்பளித்தார்கள். ரிஸர்வ் பாங்கியின் உத்தரவும் இவ்வழியே செல்லுகிறது. குறுகிய காலப் பயிர்க்கடனில் தவணை வருமுன் வட்டிக்கு வட்டி இல்லை. தவணை தவறிய பின்னர் வட்டியை அசலில் சேர்க்கப் பாங்கிக்கு இடமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

சிறு, குறு விவசாயிகளுக்கு இன்னொரு காப்பும் உண்டு. அவர்களுடைய குறுகிய காலக் கடனில், கணக்கில் பற்றெழுதும் மொத்த வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்பது ரிஸர்வ் பாங்கியின் விதி. நம் பாட்டனார்களுக்கு இது புதிதன்று. வட்டி அசலைத் தாண்டலாகாது என்னும் தர்மசாஸ்திர வழக்கு பழமையானது. ராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்த 1938-ம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும், அசலின் இருமடங்கு ஏற்கெனவே கட்டிவிட்ட விவசாயியின் கடன் முற்றும் தீர்ந்ததாக விதித்தது. அக்காலத்தில் அச்சட்டத்தை லேவாதேவிக்காரர்களுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்று கடன் கொடுப்போர் பெரும்பாலும் பாங்கிகள் என்பதால் அப்பழைய தைரியம் நமக்குப் போய்விட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் கழித்ததைப் பார்த்தவுடன், "2020 முதல் கடன் வாங்கியவருக்கும் காப்பீடு கட்டாயமில்லையே, இதையும் கேட்போம்" என்று நான் சொல்லி, மனுவிலும் எழுதிவிட்டேன். கட்டாயமில்லை என்பது உண்மையே. ஆனால் வேண்டாதவர், சேர்வதற்குரிய கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்னதாகவே வேண்டாமென்று பாங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவரைச் சேர்த்துப் பிரீமியம் பிடிப்பதே பாங்கியின் கடமை. பாங்கி மேலாளர் இதைச் சுட்டிக்காட்டியபோது நான் தலை கவிழ்ந்தேன். வெள்ளம் வரும் நிலத்தில் காப்பீடு வேண்டாமென்று சொல்வது விவேகமும் அன்று.

இனி, கேட்கும் முறை. கிளைக்குப் போய் உரத்துப் பேசுவதனால் பயன் ஒன்றுமில்லை. அங்குள்ள குமாஸ்தா அக்கட்டணத்தை விதித்தவரல்லர். பெரும்பாலும் கணிப்பொறியே விதிக்கிறது. முதலில் ஒரு வருஷக் கணக்கு அறிக்கையை வாங்கி, கட்டணங்களை மட்டும் பென்ஸிலால் குறித்துக்கொள்க. பின்னர்க் கீழ்க்கண்டவாறு ஒரு மனு எழுதி, இரு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்க. முத்திரை வைக்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்புக.

"கிளை மேலாளர் அவர்களுக்கு. என் கணக்கில் இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறது. இஃது எக்கட்டணம், தங்கள் கட்டண அட்டவணையில் எவ்விடத்தில் உள்ளது, இது குறித்து எனக்கு எந்த நாளில் எவ்வழியாக அறிவிப்பு அனுப்பப்பட்டது என்பவற்றைத் தெரிவிக்கக் கோருகிறேன். நான் நான்கு ஏக்கர் நிலமுடைய சிறு விவசாயி. அடங்கல் நகல் இத்துடன் இணைத்திருக்கிறேன். விதிக்கு மாறாகக் கழிக்கப்பட்டதாயின் அத்தொகையையும் அதன்மேல் பிடித்த வரியையும் கணக்கில் திரும்ப வரவு வைக்குமாறு வேண்டுகிறேன். முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன்."

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. சுற்றறிக்கை எண்களை அடுக்க வேண்டாம். 2025 நவம்பரில் ரிஸர்வ் பாங்கி தன் பழைய சுற்றறிக்கைகள் ஆயிரக்கணக்கானவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியிருக்கிறது. பழைய எண்ணைச் சொன்னால் அவ்வெண் இப்போது இல்லை என்று மனுவைத் திருப்பிவிடக் கூடும். விதியின் பொருளைச் சொன்னால் போதும். அடங்கல் நகல் வைப்பது முக்கியம். சிறு விவசாயி என்பதற்கு அதுவே சாட்சி. கிராம நிர்வாக அதிகாரிகள் இவ்வகையில் காலதாமதமின்றி உதவினால், பாதி வேலை முடிந்ததென்றே சொல்லலாம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ரிஸர்வ் பாங்கி நியமித்துள்ள ஓம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 1995-ல் தோன்றிய இவ்வேற்பாடு, 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாயிற்று. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டியதில்லை, வக்கீல் மூலம் கொடுக்கும் புகாரை ஏற்பதுமில்லை. முதலில் பாங்கிக்கு எழுதாமல் நேரே இங்கே வந்தால் தள்ளிவிடுவார்கள். முத்திரையிட்ட பிரதியின் அருமை அப்போதுதான் தெரியும். பாங்கியின் பதில் வந்தபின் மாதக் கணக்கில் தாமதிக்கலாகாது. வலைத்தளம் வழியாக எழுதலாம். இயலாதவர் சண்டீகரில் உள்ள ரிஸர்வ் பாங்கியின் மத்தியப் பெறும் நிலையத்திற்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்னும் எண்ணில் விவரம் கேட்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள். இதிலும் முடியாதவை நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாம். அங்கே 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவற்றிற்கு மனுக் கட்டணம் இல்லை.

கூட்டுறவு ஸ்தாபனங்களில் கடன் வாங்கியோர் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மாநிலக் கூட்டுறவு பாங்கியும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் ஓம்பட்ஸ்மன் திட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதற்குள் வாராது. அதன்மீது குறையிருந்தால் கூட்டுறவு இலாகாவின் துணைப்பதிவாளருக்கோ இணைப்பதிவாளருக்கோ எழுத வேண்டும்.

சிறு தொகைக்கு இவ்வளவு தொல்லையா என்பார்க்கு இங்கிலாந்து தேசத்து விஷயமொன்றைச் சொல்லலாம். அங்கே கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்துவிட்டவர்களிடம் பாங்கிகள் விதித்த பெருங்கட்டணங்களைத் திருப்பித் தருமாறு ஏராளமான வாடிக்கைக்காரர் எழுதத் தொடங்கினர். வழக்கு அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2009 நவம்பரில் பாங்கிகள் பக்கமே தீர்ந்தது. ஆயினும் கேள்வி ஓயவில்லை. 2020 ஏப்ரலில், அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு ஸ்தாபனம் அத்தகைய நிலையான கட்டணங்களையே தடுத்து, வட்டி ஒன்றையே வாங்கலாமென்று விதித்தது.

நம் விவசாயியின் கணக்கிற்குத் திரும்புவோம். முதல் மனுவிற்கே 142 ரூபாய் திரும்பிற்று. இரண்டாவது மனுவில் அடங்கல் நகலையும் வைத்தபின் 708-ம் 590-ம், அபராதத்தின்மேல் பிடித்த 15-ம் 180-ம் வரவாயின. ஆக 1,635 ரூபாய். அன்றைய விலையில் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் ஒரு மூட்டை யூரியாவும் வாங்கிய பின் சில்லரையும் மிஞ்சும். ஆனால் அவர் இழந்தவற்றுள் பெரியது இவற்றில் எதுவுமன்று. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனை உரிய நாளில் கட்டுவோருக்குச் சர்க்கார் நூற்றுக்கு 3 வீதம் வட்டிச் சலுகை கொடுத்து, 7 வீத வட்டியை 4 ஆக்கி வந்திருக்கிறது. மார்ச்சில் கட்டியிருந்தால், 1,20,000-க்கு வருஷத்திற்கு 3,600 ரூபாய் என்னும் வீதப்படி அச்சலுகை அவருக்கு மிஞ்சியிருக்கும். அதனை எந்த மனுவும் திருப்பித் தராது. இதை நான் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. "நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்திற்குக் காத்திருந்தேன், ஐயா" என்றார்.

அன்று மாலையே அவருடைய இப்போதைய கைப்பேசி எண்ணைப் பதிவு செய்யுமாறும், சேமிப்புக் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றுமாறும் இரண்டு மனுக்கள் எழுதினோம். எழுதிக் கொடுத்தவர் கிராம நிர்வாக அதிகாரி. விவசாயி கையெழுத்திட்டுவிட்டு, "இவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.